குறுக்குக் கட்டத்தில் எத்தனை பேர்? – கணக்கு டீச்சர் பதில்கள்

பத்தாம் வகுப்பு மாணவி, சங்கரன்கோவில்: டீச்சர், எங்கள் மாதிரித் தேர்வில் டைட்டானிக் கப்பல் பற்றி ஒரு அட்டவணை கொடுத்திருந்தார்கள். அதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

| | பிழைத்தவர்கள் | இறந்தவர்கள் | மொத்தம் |
|---|---|---|---|
| முதல் வகுப்பு | 203 | 122 | 325 |
| இரண்டாம் வகுப்பு | 118 | 167 | 285 |
| மூன்றாம் வகுப்பு | 178 | 528 | 706 |
| கப்பல் ஊழியர்கள் | 212 | 673 | 885 |
| மொத்தம் | 711 | 1490 | 2201 |

கப்பலில் இருந்தவர்களில் சமவாய்ப்பு முறையில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், அவர் (அ) முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்புப் பயணியாக இருக்க, (ஆ) முதல் வகுப்புப் பயணியாக அல்லது உயிர் பிழைத்தவராக இருக்க நிகழ்தகவு என்ன என்பது கேள்வி. முதலாவதற்கு 325 + 285 என்று கூட்டி 610/2201 எழுதினேன். முழு மதிப்பெண். இரண்டாவதற்கு 325 + 711 என்று கூட்டி 1036/2201 எழுதினேன். பெரிய எக்ஸ் போட்டுவிட்டார்கள். இரண்டையும் ஒரே மாதிரிதானே செய்தேன்?

பதில்: கூட்டலில் பிழை ஒன்றும் இல்லை பாப்பா. யாரை எத்தனை தடவை கூட்டினாய் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

முதல் கேள்வியை எடு. கப்பலில் ஏறிய ஒருவருக்கு ஒரு டிக்கெட்தான். முதல் வகுப்பு 325 பேரை ஒரு தளத்திலும் இரண்டாம் வகுப்பு 285 பேரை இன்னொரு தளத்திலும் நிற்க வைத்து வருகைப்பதிவு எடுத்தால், இரண்டு இடத்திலும் ‘உள்ளேன் ஐயா’ சொல்ல ஒருவராலும் முடியாது. இப்படி, ஒன்று நடந்தால் மற்றது நடக்கவே வழியில்லாதவற்றைத்தான் உன் புத்தகம் ‘ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்’ என்கிறது. அங்கே நிகழ்தகவுகளை நேராகக் கூட்டிக்கொள்ளலாம். 610/2201, அதாவது ஏறக்குறைய 0.277. சரி.

இரண்டாவதில் நீ கூட்டிய 325 எங்கே இருக்கிறது? முதல் நிரையின் கடைசியில். 711 எங்கே? முதல் நிரலின் அடியில். குறுக்கே போகும் நிரையும் மேலிருந்து கீழே வரும் நிரலும் எங்கேயாவது வெட்டிக்கொண்டுதானே ஆகவேண்டும்? வெட்டிக்கொள்ளும் கட்டத்தில் விரலை வை. 203. இவர்கள் முதல் வகுப்புக்காரர்கள், பிழைத்தும் வந்தவர்கள். உன் 325-க்குள் ஒரு தடவையும் 711-க்குள் இன்னொரு தடவையும் வந்துவிட்டார்கள்.

சொந்தத்துக்குள் நடக்கும் கல்யாணத்தில் சமையல்காரருக்கு ஆள் கணக்குச் சொல்வதை நினைத்துப் பார். மாப்பிள்ளை வீட்டுப் பட்டியல் இவ்வளவு, பெண் வீட்டுப் பட்டியல் இவ்வளவு என்று இரண்டையும் கூட்டிச் சொன்னால் சோறு மிஞ்சும். மாமன் இரண்டு பட்டியலிலும் இருப்பார், சாப்பிடுவது ஒரு இலையில்தான்.

ஆகவே 203-ஐ ஒரு தடவை கழி. 325 + 711 − 203 = 833. விடை 833/2201, ஏறக்குறைய 0.378. இந்தக் கழித்தலுக்குத்தான் ‘கூட்டல் தேற்றம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

தேற்றத்தை மறந்துவிட்டால்? பதற வேண்டாம். கேள்விக்குப் பொருந்தும் உள்கட்டங்களைப் பென்சிலால் லேசாக நிழலிட்டு, நிழல் விழுந்தவற்றை மட்டும் கூட்டு. முதல் நிரையில் 203, 122. பிழைத்தவர்கள் நிரலில் மிச்சம் இருப்பது 118, 178, 212. ஐந்தையும் கூட்டினால் 833. இந்த வழியில் கழித்தலே கிடையாது. ஓரத்தில் இருக்கும் மொத்தங்களை விட்டுவிட்டால், உள்ளே இருக்கும் எட்டுக் கட்டங்களும் எப்போதுமே ஒன்றையொன்று விலக்குபவை. ஒரு மனிதருக்கு ஒரு கட்டம்தான். நான் வகுப்பில் தேற்றத்துக்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். பென்சில் நிழலில் தப்பு செய்த பிள்ளைகள் ரொம்பக் குறைவு.

இன்னும் சந்தேகம் என்றால் பின்வாசல் வழியாகவும் வரலாம். முதல் வகுப்பும் இல்லை, பிழைக்கவும் இல்லை என்பவர்கள் எத்தனை பேர்? 167 + 528 + 673 = 1368. மொத்தம் 2201-லிருந்து கழித்தால் மறுபடியும் 833.

உன் தப்பு விடை ஏன் உனக்கே உறுத்தவில்லை என்றும் சொல்கிறேன். 1036/2201 என்பது 0.47. பார்ப்பதற்கு யோக்கியமான நிகழ்தகவு போலவே இருக்கிறது. இதையே ‘ஊழியர் அல்லது இறந்தவர்’ என்று கேட்டிருந்தால் 885 + 1490 = 2375 என்று எழுதியிருப்பாய். கப்பலில் இருந்ததே 2201 பேர். நிகழ்தகவு ஒன்றைத் தாண்டியதும் நீயே அழித்திருப்பாய். 673-ஐக் கழித்தால் 1702, அதுதான் சரி. எல்லாத் தப்பும் இப்படி ஒன்றைத் தாண்டிக் காட்டிக்கொடுக்காது. அதனால் கூட்டுவதற்கு முன்பே குறுக்குக் கட்டத்தைப் பார்த்துவிடு.

ஒரு விஷயம் கூடுதலாக. இந்த எண்கள் 1912-இல் பிரிட்டனில் லார்ட் மெர்ஸி நடத்திய விசாரணையின் அறிக்கையில் உள்ளவை. வேறு புத்தகங்களில் எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். தேர்வில் கொடுத்த அட்டவணையோடு மல்லுக்கட்டாதே.

---

பதினொன்றாம் வகுப்பு மாணவர், திருவாரூர்: நிரையும் நிரலும் எப்போதும் வெட்டிக்கொள்ளும் என்றால், ஒரு நிரையில் இருக்கும் நிகழ்ச்சியும் ஒரு நிரலில் இருக்கும் நிகழ்ச்சியும் ஒன்றையொன்று விலக்கவே விலக்காதா?

பதில்: விலக்கும் தம்பி, வெட்டும் கட்டத்தில் பூஜ்யம் இருந்தால். மேலே உள்ள அதே அறிக்கையில் குழந்தைகளைத் தனியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் வகுப்பில் 24 குழந்தைகள். 24 பேரும் பிழைத்துவிட்டார்கள். ‘இரண்டாம் வகுப்புக் குழந்தை’ என்ற நிரையும் ‘இறந்தவர்’ என்ற நிரலும் சந்திக்கும் இடத்தில் 0. அதனால் ‘இரண்டாம் வகுப்புக் குழந்தை அல்லது இறந்தவர்’ என்று கேட்டால் 24 + 1490 = 1514 என்று நேராகக் கூட்டலாம். கழிக்க யாரும் இல்லை.

மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 79 பேர். பிழைத்தவர்கள் 27. அங்கே குறுக்குக் கட்டத்தில் 52 இருக்கிறது. 79 + 1490-லிருந்து அந்த 52-ஐக் கழித்தே ஆகவேண்டும். எழுதும்போதே கை தயங்குகிற எண் அது.

இந்த இரண்டு வகை விலக்கலும் ஒன்றல்ல. முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் விலக்கிக்கொள்வது டிக்கெட்டின் அமைப்பினால். எந்தக் கப்பலிலும் அப்படித்தான். இரண்டாம் வகுப்புக் குழந்தையும் மரணமும் விலக்கிக்கொண்டது அன்றைக்கு அந்தக் கப்பலில் நடந்ததனால். அடுத்த கப்பலின் அட்டவணையில் அந்தப் பூஜ்யம் இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. பூஜ்யத்தைப் பார்த்ததும் இது விதியால் வந்ததா, நடப்பால் வந்ததா என்று கேட்டுக்கொள்.

---

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நாகர்கோவில்: அம்மா, பேரனோடு ஒரு வழக்கு. ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் டான் பிராட்மேன் டெஸ்ட் போட்டிகளில் 80 இன்னிங்ஸ் ஆடியதில் கேட்ச் 39, போல்டு 23, எல்பிடபிள்யூ 6, ரன் அவுட் 1, ஹிட் விக்கெட் 1, நாட் அவுட் 10 என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ‘போல்டு அல்லது எல்பிடபிள்யூ ஆகும் நிகழ்தகவு’ என்று கேட்டேன். நான் 29/80 என்றேன். பேரன், ‘பந்து காலில் பட்டு ஸ்டம்பிலும் பட்டால் இரண்டும்தானே தாத்தா, எப்படிக் கூட்டலாம்?’ என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிற மாதிரி தெரிகிறது. தீர்ப்பு சொல்லுங்கள்.

பதில்: பேரன் கேட்டது அருமையான கேள்வி. விடை உங்களுடையது. ஆனால் உங்கள் விடைக்கும் ஒரு நிபந்தனை போடுவேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மைதானத்தில் நடப்பது அட்டவணை போல ஒழுங்காக நடப்பதில்லை. கால்காப்பில் பட்ட பந்து உருண்டு போய் பெயில்ஸைத் தட்டும். விளிம்பில் பட்ட பந்தைக் கீப்பர் பிடிக்கும் அதே நேரத்தில், தடுமாறிய ஆட்டக்காரர் தன் ஸ்டம்பையே மிதிப்பார். பார்க்கிறவருக்கு இரண்டு அவுட். ஸ்கோர் புத்தகத்தில் ‘எப்படி அவுட்’ என்று எழுத ஒரே ஒரு இடம்.

எதை எழுதுவது என்று கிரிக்கெட் சட்டமே தீர்த்து வைத்திருக்கிறது. இப்போதைய சட்டப் புத்தகத்தில் 32-ஆவது விதி போல்டு பற்றியது. பந்துவீச்சாளர் வீசிய பந்தினால் விக்கெட் விழுந்துவிட்டால், வேறு எந்த வகையில் அவுட் கொடுக்க நியாயம் இருந்தாலும் அது போல்டுதான். 33-ஆவது விதி கேட்ச். போல்டு இல்லையென்றால், மற்ற வகைகளுக்கு முன்னால் கேட்சுக்கே முதலிடம். ஆகவே காலில் பட்டு ஸ்டம்பில் பட்டது போல்டு. கேட்சும் ஆகி ஸ்டம்பையும் மிதித்தது கேட்ச். இந்த முன்னுரிமை இருப்பதால்தான் உங்கள் பட்டியலில் உள்ள ஆறு வகைகளும் ஒன்றையொன்று விலக்குகின்றன.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச ஆசை. பல அட்டவணைகளில் விலக்கல் என்பது இயற்கையில் கிடப்பதில்லை. அட்டவணை போட்டவர் வைத்த விதியால் வருவது. டைட்டானிக் அட்டவணையிலேயே பாருங்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று பிரித்திருக்கும் இடத்தில் ஐந்து வயதுச் சிறுமி பெண்கள் கட்டத்தில் கிடையாது, குழந்தைகள் கட்டத்தில்தான். அவள் பெண் இல்லையா என்ன? அட்டவணைக்காரர் அப்படி முடிவு செய்தார். எந்த அட்டவணையைக் கொடுத்தாலும், இரண்டு கட்டத்துக்கும் பொருந்துகிற ஆளை எந்தக் கட்டத்தில் போட்டார்கள் என்று முதலில் விசாரிப்பது என் வழக்கம். பதில் இல்லாத அட்டவணையில் நான் கூட்டுவதில்லை.

பேரனுக்கு இன்னொரு குழப்பமும் வரலாம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஸ்கோர் அட்டையில் கேட்ச் ஆனவர் பெயருக்கு நேரேயும் ‘பி’ என்ற எழுத்து போட்டுப் பந்துவீச்சாளர் பெயர் இருக்கும். அது போல்டு ஆனதைக் காட்டாது; யார் வீசிய பந்து என்று மட்டும் சொல்லும். சின்ன வயதில் என் அண்ணன் ஊர் மேட்சுக்கு ஸ்கோர் எழுதுவார், பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுப்பது என் வேலை. அப்போது கற்றது இது. ‘பி’ எல்லாவற்றையும் எண்ணிப் போல்டு கணக்கில் சேர்த்தால் பிராட்மேன் பாவம், வாழ்நாள் முழுக்க ஸ்டம்பு பறிகொடுத்தவர் ஆகிவிடுவார். அந்த ஒரே ஒரு ஹிட் விக்கெட் கூட 1947-இல் பிரிஸ்பேனில் நம் லாலா அமர்நாத் வீசிய பந்தில் வந்தது. அதற்குள் 185 ரன் அடித்துவிட்டார், அது வேறு கதை.

இப்போது நிபந்தனை. 23 + 6 = 29 சரி. கீழே என்ன போடுவது? ‘ஏதோ ஒரு இன்னிங்ஸை எடுத்தால்’ என்று கேட்டால் 80. அப்போது 29/80, அதாவது 0.3625. ‘அவர் அவுட்டான இன்னிங்ஸ்களில் ஒன்றை எடுத்தால்’ என்று கேட்டால் நாட் அவுட் பத்தையும் தள்ளிவிட்டு 70. அப்போது 29/70, ஏறக்குறைய 0.414. உங்கள் கேள்வியில் எந்த இன்னிங்ஸ் என்று சொல்லவே இல்லை. நாட் அவுட்டையும் பட்டியலில் வைத்திருப்பதால் 80 என்று எடுத்துக்கொண்டேன். பேரன் 29/70 என்று சொல்லியிருந்தாலும் அரை மதிப்பெண்ணுக்கு மேல் குறைக்க எனக்கு மனம் வராது.

---

நூலகத் தன்னார்வலர், ஆரணி: எங்கள் ஊர் நூலகத்துக்கு வந்த 60 பேரிடம் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டோம். நாளிதழ் 41 பேர், வார இதழ் 27 பேர், இரண்டும் படிப்பதில்லை 9 பேர். கூட்டினால் 77 வருகிறது! எண்ணியதில் தவறா?

பதில்: எண்ணியதில் தவறு தெரியவில்லை. நீங்கள் ஒருவருக்கு இரண்டு விடை சொல்ல இடம் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். கை தூக்கச் சொல்லி எண்ணினால் இப்படித்தான் வரும்.

இரண்டும் படிக்காதவர் 9 என்றால், ஏதாவது ஒன்றைப் படிப்பவர் 51. ஆனால் 41-ம் 27-ம் சேர்ந்தால் 68. மிகுதியாக வந்த 17 பேர்தான் இரண்டையும் படிப்பவர்கள். இப்போது கட்டம் போடுங்கள்: இரண்டும் 17, நாளிதழ் மட்டும் 24, வார இதழ் மட்டும் 10, எதுவும் இல்லை 9. கூட்டுத்தொகை 60. நாளிதழோ வார இதழோ படிப்பவராக இருக்க நிகழ்தகவு 51/60, அதாவது 0.85.

அடுத்த தடவை கேட்கும்போதே இந்த நான்கு கட்டத்தையும் தாளில் போட்டுக்கொண்டு, ஒருவருக்கு ஒரு டிக் மட்டும் போடுங்கள். அந்த 9 பேரைக் கேட்காமல் விட்டிருந்தால் 17-ஐக் கண்டுபிடிக்க வழியே இருந்திருக்காது. கேட்டு வைத்தீர்களே, அதற்குப் பாராட்டு.

---

பி.எஸ்ஸி. முதலாண்டு மாணவி, காரைக்குடி: ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள், சார்பிலா நிகழ்ச்சிகள் இரண்டும் ஒன்றுதான் என்று தோழி சாதிக்கிறாள். ‘ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுதானே விலக்கல்?’ என்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஆனால் புத்தகம் வேறு வேறு என்கிறது.

பதில்: புத்தகம் சொல்வதுதான் சரி. சம்பந்தம் இல்லாமல் இருப்பது சார்பின்மை. விலக்கல் என்பதோ கடும் சம்பந்தம், ஜென்மப் பகை மாதிரி.

டைட்டானிக்கிலிருந்து ஒருவரை எடுத்துவிட்டு, யார் என்று காட்டாமல், ‘இவர் முதல் வகுப்பா?’ என்று உன்னைக் கேட்கிறேன். 325/2201, நூற்றுக்குப் பதினைந்து என்பாய். ‘ஒரு துப்பு தருகிறேன், இவர் மூன்றாம் வகுப்பு’ என்கிறேன். இப்போது? பூஜ்யம். ஒரே துப்பு உன் பதிலை அடியோடு மாற்றிவிட்டது. இதைவிடப் பெரிய சார்பு எங்கே இருக்கிறது? இரண்டு நிகழ்ச்சிகளும் நடக்கக்கூடியவையாக இருந்து, ஒன்றையொன்று விலக்கினால், அவை ஒருபோதும் சார்பிலா நிகழ்ச்சிகளாக இருக்க முடியாது.

சார்பின்மையைச் சோதிக்க அட்டவணையிலேயே ஒரு வழி இருக்கிறது. வகுப்புக்கும் பிழைப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொள். அப்படியானால் முதல் வகுப்பில் பிழைத்தவர்கள் எத்தனை பேர் இருக்கவேண்டும்? நிரையின் மொத்தத்தை நிரலின் மொத்தத்தால் பெருக்கி, எல்லாருடைய மொத்தத்தால் வகு. 325 × 711 ÷ 2201, ஏறக்குறைய 105. அட்டவணையில் இருப்பது 203. மூன்றாம் வகுப்புக்கு 706 × 711 ÷ 2201, ஏறக்குறைய 228 இருந்திருக்கவேண்டும். இருப்பது 178.

ஆக, முதல் வகுப்பும் பிழைத்தலும் விலக்கும் நிகழ்ச்சிகளும் அல்ல, சார்பிலா நிகழ்ச்சிகளும் அல்ல. இரண்டிலும் சேராத இந்த மூன்றாவது நிலைதான் உலகத்து அட்டவணைகளில் அதிகம். தோழியிடம் இதையே காட்டு.

பெண்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். ‘பெண்களும் குழந்தைகளும் முதலில்’ என்பது எல்லாரும் கேள்விப்பட்ட கதை. முதல் வகுப்பில் 144 பெண்களில் 140 பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் 165 பேரில் 76 பேர், பாதி கூட இல்லை. கப்பலில் இருந்த 20 படகுகளும் நிரம்பினாலும் 1178 பேருக்குத்தான் இடம். பல படகுகள் நிரம்பாமலே இறங்கின. படகுகள் இருந்தது மேல்தளத்தில், மூன்றாம் வகுப்புக்காரர்கள் இருந்தது கீழே. புள்ளியியல் வகுப்பில் இந்த அட்டவணையை வெறும் எண்களாக எழுதிப்போட்டுவிட்டுப் போகிற ஆசிரியர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

---

ரத்ததான முகாம் அமைப்பாளர், திண்டுக்கல்: ஏபி குரூப்காரரிடம் ஏ-யும் இருக்கிறது, பி-யும் இருக்கிறது. அப்படியானால் ஏ குரூப், பி குரூப் இரண்டும் ஒன்றையொன்று விலக்கும் என்று எப்படிச் சொல்வது?

பதில்: ரத்த அணுவில் இருக்கும் ஆன்டிஜென் (அணுவின் மேல் இருக்கும் அடையாளப் பொருள்) வேறு, பதிவேட்டில் எழுதும் குரூப் வேறு. ஏ ஆன்டிஜெனும் பி ஆன்டிஜெனும் ஒரே உடம்பில் சேர்ந்து இருக்கலாம், விலக்காது. ஆனால் இரண்டும் உள்ளவருக்கு ஏபி என்று தனிக் கட்டம் கொடுத்துவிட்டதால், ஏ, பி, ஏபி, ஓ என்ற நான்கு குரூப்களும் விலக்கும். கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று வகைதான் இருந்தன. ஏபி அடுத்த ஆண்டு அவருடைய சகாக்கள் கண்டது. அந்தக் கட்டம் இல்லாமல் இன்றைக்கு உங்கள் முகாம் பதிவேட்டை எழுதிப் பாருங்கள், யாரை எங்கே போடுவது என்று தெரியாமல் முழிக்கவேண்டியிருக்கும்.

பாசிட்டிவ், நெகட்டிவ் என்று இரண்டு நிரல் சேர்த்தால் எட்டுக் கட்டம். பி நெகட்டிவ் நோயாளிக்குச் சிவப்பணு தேவை என்றால் பொதுவாக பி நெகட்டிவ், ஓ நெகட்டிவ் ஆகிய இரண்டு கட்டங்களில் தேடுவார்கள். இரண்டும் உள்கட்டங்கள், நேராகக் கூட்டலாம். ‘பி குரூப் அல்லது நெகட்டிவ்’ என்று யாராவது கேட்டால் அது ஒரு நிரையும் ஒரு நிரலும். பி நெகட்டிவ் கட்டத்தை ஒரு தடவை கழிக்கவேண்டும். இரண்டு கேள்வியும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் கேட்கும். போனில் ஆள் கணக்குச் சொல்லும்போது கவனமாக இருங்கள்.

---

வாசகர், ஈரோடு: மழை பெய்யும், அல்லது பெய்யாது. இரண்டே வாய்ப்பு, ஒன்றையொன்று விலக்குபவை. அப்படியானால் ஆளுக்குப் பாதி, 50 சதவீதம்தானே?

பதில்: டைட்டானிக்கிலும் பிழைத்தவர், இறந்தவர் என்று இரண்டே நிரல்தான். 711-ம் 1490-ம் ஆளுக்குப் பாதியா? விலக்குவது, அத்தனை வாய்ப்புகளையும் உள்ளடக்குவது, சமமாக இருப்பது மூன்றும் தனித்தனிச் சமாச்சாரம். முதல் இரண்டும் இருந்தால் கூட்டுத்தொகை 1 ஆகும், அதற்குமேல் ஒன்றும் உத்தரவாதம் இல்லை. ஈரோட்டு வெயிலில் மே மாதம் நின்றுகொண்டு பாதிக்குப் பாதி என்று சொல்ல உங்களுக்குத் தைரியம்தான்.

---

பத்தாம் வகுப்பு மாணவனின் தாய், ஆவடி: நிகழ்தகவைப் பின்னமாக விடலாமா, தசமமாக மாற்றவேண்டுமா? பையன் ஒவ்வொரு விடையையும் சுருக்கப் பார்த்தே பரீட்சையில் நேரத்தை விடுகிறான்.

பதில்: கேள்வியில் தசமம் கேட்டால் ஒழிய பின்னமாகவே விடட்டும் அம்மா. சுருங்கும் என்றால் சுருக்கி எழுதுவது நல்லது. 51/60 என்றால் 17/20 என்று எழுதிவிடலாம். எல்லாப் பின்னமும் சுருங்காது. சுருங்குமா என்று பார்க்க, அட்டவணையின் மொத்தத்தை ஒரே ஒரு தடவை பகாக்காரணிப்படுத்தி விடைத்தாள் ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். 2201 என்பது 31 × 71. அதற்கப்புறம் மேலே இருக்கும் எண்ணை 31-ஆலும் 71-ஆலும் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். 610, 833, 1702 மூன்றுமே இரண்டாலும் வகுபடாது. அப்படியே எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.